பத்தில் ஏழு வென்றேன், போட்டியில் தோற்றேன்: டெக்கில் செய்த மாற்றம் சரியா என்று எப்படி அறிவது?

நீலக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில், காமன் கார்டுகளை மட்டும் கொண்டு ஆடும் பாப்பர் வடிவத்தை இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். என்னுடைய டெக் (ஆட எடுத்துச் செல்லும் கார்டுக் கட்டு) நீலமும் கறுப்பும் கலந்த டெரர் டெக். இந்த டெக்கை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். டொலேரியன் டெரர் என்பது 7 மனா (கார்டுகளை ஆடக் கொடுக்கும் சக்தி) விலையுள்ள 5/5 கிரியேச்சர், அதாவது பலம் 5, தாங்கும் திறன் 5 உள்ள உயிரினம். நம்முடைய கிரேவ்யார்டில் (ஆடி முடித்த கார்டுகள் சேரும் குவியல்) இருக்கும் ஒவ்வோர் இன்ஸ்டன்ட்டுக்கும் சார்சரிக்கும் (ஒரு முறை ஆடியதும் தீர்ந்துவிடும் ஸ்பெல்கள்) அதன் விலை ஒன்று குறையும். ஆகவே தாட் ஸ்கவர், மென்டல் நோட் போன்ற ஒரு மனா கார்டுகளால் கிரேவ்யார்டை விரைவாக நிரப்பி, மூன்றாம் அல்லது நான்காம் டர்னிலேயே அந்தப் பெரிய உருவத்தை மேசையில் இறக்கி, அதன்பின் எதிராளியின் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லுக்கு மனாவை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றுவதுதான் இந்த டெக்கின் வழி.

போட்டியில் நன்றாக ஆடிய ஒருவர் வெளியிட்டிருந்த பட்டியலை அப்படியே எடுத்துத்தான் தொடங்கினேன். சென்ற மாதம் அதில் மூன்று மாற்றங்கள் செய்தேன். மனா தரும் லேண்டுகளை 17இலிருந்து 16 ஆக்கினேன். அந்த இடத்தில், எதிராளியின் கிரியேச்சரை அழிக்கும் ஸ்னஃப் அவுட்டில் மூன்றாவதைச் சேர்த்தேன். இரண்டு கிரிப்டிக் சர்ப்பென்ட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு கர்மாக் ஆங்க்ளர்களை வைத்தேன்; இரண்டுமே பெரிய கிரியேச்சர்கள். பிறகு, சிவப்பு டெக் ஆடும் என் நண்பருடன் சைட்போர்டு (முதல் ஆட்டத்துக்குப் பின் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கூடுதல் கார்டுகள்) இல்லாமல் பத்து ஆட்டங்கள் ஆடியதில் ஏழில் வென்றேன். பழைய பட்டியலுடன் அவரிடம் பத்தில் நான்குதான் வென்றிருந்தேன் என்பதால், சரியான வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

அந்த வாரமே கடையில் நடந்த போட்டிக்கு இதை எடுத்துச் சென்றேன். நான்கு சுற்றுகளில் மூன்றில் தோற்றேன். இரண்டாம் சுற்றின் கடைசி ஆட்டம் இன்னும் கண்முன்னே நிற்கிறது: கையில் இரண்டு ஆங்க்ளர்கள், மேசையில் இரண்டு லேண்டுகள், கிரேவ்யார்டில் நான்கு கார்டுகள். ஆங்க்ளரின் விலை 7. டெல்வ் (கிரேவ்யார்டிலிருந்து நீக்கும் ஒவ்வொரு கார்டும் ஒரு மனாவுக்கு ஈடாகும் விதி) மூலம் நான்கு கார்டுகளை நீக்கினாலும், இரண்டு லேண்டுகளைத் தட்டினாலும் ஆறுதான் வருகிறது. ஒரே ஒரு மனா குறைந்ததால் இரண்டு டர்ன்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

என் கேள்விகள் இவை. பத்து ஆட்டங்களில் கண்ட வெற்றியை நம்புவதா, போட்டியில் கண்ட தோல்வியை நம்புவதா? வேலைக்குப் போய்வரும் ஒருவர், வாரத்துக்கு இரண்டு மாலைகள் மட்டும் கிடைக்கும் நிலையில், ஒரு மாற்றத்தை எப்படி முறையாகச் சோதிப்பது? கடையில் நெடுநாள் ஆடிவரும் ஒருவர், "ஆயிரம் பேர் ஆடிப் பார்த்துத் தேறிய பட்டியலைத் தொடாதீர்கள்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனாலும் சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்கும் ஆசையை என்னால் விட முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:

நண்பரே, உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு என் பதில், இரண்டையும் நம்ப வேண்டாம் என்பதே. இரண்டு டெக்குகளும் சரிசமமாக இருந்து, ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவதைப் போன்றதே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பத்து ஆட்டங்களில் ஏழோ அதற்கு மேலோ வெல்வதற்கு ஏறத்தாழ 17 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஆறு முறை சோதித்தால் ஒரு முறை இப்படி வந்துவிடும். நான்கு சுற்றுகளில் மூன்றோ நான்கோ தோற்பதற்கான வாய்ப்பு 31 விழுக்காடு. ஒன்றுக்காக மகிழ்ந்திருக்க வேண்டியதும் இல்லை, மற்றொன்றுக்காக வருந்த வேண்டியதும் இல்லை.

சரி, எத்தனை ஆட்டங்கள் ஆடினால் போதும்? நூறு ஆட்டங்கள் ஆடினாலும் உங்களுக்குக் கிடைக்கும் வெற்றி விகிதம் பத்துப் புள்ளிகள் மேலேயோ கீழேயோ இருக்கக்கூடும். அந்த இடைவெளியை ஐந்து புள்ளிகளாகக் குறைக்க நானூறு ஆட்டங்கள் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மாலைகள் உள்ளவர் நானூறு ஆட்டங்களை ஆடி முடிப்பதற்குள் புதிய கார்டுகள் வந்து, எதிராளிகளின் டெக்குகளும் மாறிவிடும். ஆகவே, இரண்டு கார்டுகளை மாற்றியதன் விளைவை வெற்றி எண்ணிக்கையிலிருந்து அறிய முயல்வதையே நம்மைப் போன்றவர்கள் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பதிலாக, ஓர் ஆட்டத்துக்குள்ளேயே விடை கிடைக்கக்கூடிய சிறிய கேள்விகளைக் கேட்க வேண்டும். லேண்டை எடுத்துக்கொள்வோம். 60 கார்டுகளில் 17 லேண்டுகள் இருந்தால், முதல் ஏழு கார்டுகளில் லேண்டே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வருவதற்கு 35.2 விழுக்காடு வாய்ப்பு. 16 லேண்டுகள் என்றால் அது 39.2 ஆகிறது. வேறுபாடு நான்கு புள்ளிகள், அதாவது 25 ஆட்டங்களுக்கு ஒரு முறை. நீங்கள் ஆடிய பத்து ஆட்டங்களில் இந்த மாற்றம் ஒரு தடவைகூடக் கண்ணில் படாமல் போயிருக்கலாம். மேசையில் உட்கார்ந்து அறிய முடியாததைக் காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் அறிந்துவிடலாம்.

உங்கள் டெக்கில் நான்கு லோரியன் ரிவீல்டு இருக்கும் என்று எண்ணுகிறேன். ஒரு மனா கொடுத்து அதை சைக்கிள் செய்தால், அதாவது கையிலிருந்து கிரேவ்யார்டில் போட்டால், நீல மனா தரும் லேண்டான ஓர் ஐலண்டைத் தேடி எடுக்கலாம். அதன்பின் அந்தக் கார்டு சார்சரியாகக் கிரேவ்யார்டில் கிடந்து டெரரின் விலையையும் ஒன்று குறைக்கிறது. அதை லேண்டாகவே கணக்கிட்டு 16ஐ 20 ஆக்கினால், முன்பு சொன்ன 39.2 விழுக்காடு 24.7 ஆக இறங்கிவிடுகிறது. ஆனால் அதை சைக்கிள் செய்யவே ஒரு லேண்ட் வேண்டும். லேண்டே இல்லாமல் இரண்டு லோரியன்கள் வந்த கையை முல்லிகன்தான் செய்ய வேண்டும், அதாவது திருப்பிப் போட்டு வேறு கை எடுக்க வேண்டும். ஆகவே உண்மையான எண் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இதைத் துல்லியமாகக் கணக்கிடுவதைவிட, எதிராளி இல்லாமல் நீங்களே கார்டுகளைக் கலைத்து ஐம்பது முறை ஏழேழு கார்டுகளாக எடுத்துப் பாருங்கள். வைத்துக்கொள்ளக்கூடிய கை எது, முதல் மூன்று டர்ன்களில் அது என்ன செய்யும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

கர்மாக் ஆங்க்ளருக்கு நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் ஒரு முறையைச் சொல்கிறேன். ஆங்க்ளர் இருக்கும் உறையில், கார்டின் முன்பக்கத்தில், "சர்ப்பென்ட்" என்று எழுதிய சிறு காகிதத் துண்டைச் செருகி வையுங்கள். பழகும் ஆட்டங்களில் அது கைக்கு வரும்போதெல்லாம் ஒரு கணம் நிறுத்தி, இந்த நேரத்தில் இவ்விரண்டில் எது இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டு, நோட்டில் ஒரு கோடு போடுங்கள். தோற்ற ஆட்டத்திலும் ஆங்க்ளரே மேலானதாக இருந்திருக்கலாம். வென்ற ஆட்டத்தில் அது கடைசி வரை கையிலேயே கிடந்திருக்கலாம். வெற்றி, தோல்வி என்ற இரைச்சலை இந்தக் கோடுகள் பெருமளவு வடிகட்டிவிடும்.

மூன்று மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ததுதான் உங்களுடைய பெரிய சிக்கல். நீங்கள் எடுத்த லேண்ட் ஐலண்டா, கறுப்பு மனா தரும் ஸ்வாம்ப்பா என்று எழுதவில்லையே? அதைச் சொல்லுங்கள், அது முக்கியம்.

பழஞ்சாலை:

மேலே எழுதியவர் எண்களை நன்றாக விளக்கிவிட்டார். கார்டுகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

டெரருக்குக் கிரேவ்யார்டில் இன்ஸ்டன்ட்டும் சார்சரியும் தங்கியிருக்க வேண்டும். ஆங்க்ளரோ அங்கிருப்பதைத் தின்றுதான் வெளியே வருகிறது. இவை இரண்டும் ஒரே டெக்கில் இருப்பது ஒரே கிணற்றில் இருவர் நீர் இறைப்பதைப் போன்றது. ஆனால் அதற்காக ஆங்க்ளரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எந்த வரிசையில் இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் டர்ன், மூன்று லேண்டுகள். கிரேவ்யார்டில் ஒரு லேண்ட், ஒரு கிரியேச்சர், நான்கு ஸ்பெல்கள். கையில் டெரரும் ஆங்க்ளரும் இருக்கின்றன. ஆங்க்ளரை முதலில் இறக்கினால் நான்கு கார்டுகளை நீக்க வேண்டும். லேண்டும் கிரியேச்சரும் போக, இரண்டு ஸ்பெல்களும் போய்விடும். 3 மனாவுக்கு வந்திருக்க வேண்டிய டெரர் இப்போது 5 மனா ஆகிவிடுகிறது. அடுத்த டர்னிலும் அது வராது. மாறாக, டெரரை அதே மூன்றாம் டர்னில் 3 மனாவுக்கு இறக்கிவிட்டு, நான்காம் டர்னில் நான்கு லேண்டுகளுடன் ஆங்க்ளரை இறக்கினால், மூன்று கார்டுகளை நீக்கினால் போதும்: அந்த லேண்ட், அந்தக் கிரியேச்சர், ஒரே ஒரு ஸ்பெல். இரண்டு 5/5 கிரியேச்சர்கள் நான்காம் டர்னில் மேசையில் நிற்கும். இதை உணராமல் பத்து ஆட்டங்கள் ஆடினால், உங்கள் ஆட்டத்தின் குறையைக் கார்டின் குறையாக எழுதி வைத்துக்கொள்வீர்கள். புதிய கார்டை முதல் ஐந்தாறு ஆட்டங்களில் மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அந்த ஆட்டங்கள் அதைக் கற்றுக்கொள்வதற்கானவை.

தேறிய பட்டியலைத் தொடாதே என்ற அறிவுரைக்கு வருகிறேன். அந்தப் பட்டியலும் ஒரு நாள் யாரோ ஒருவர் பிடிவாதமாகச் சோதித்துப் பார்த்ததுதான். 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில், மேஜிக்கின் உயர்நிலைப் போட்டியான ப்ரோ டூருக்காக நடந்த தகுதிப் போட்டியில், ஜே ஷ்னைடர் வடிவமைத்த ஒரு சிவப்பு டெக்கைக் கொண்டு பால் ஸ்லை என்பவர் இரண்டாம் இடம் பிடித்தார். அந்த டெக்கில் அயர்ன்கிளா ஆர்க்ஸ் இருந்தது. 2 மனாவுக்கு 2/2, அதுவும் பலம் 2 அல்லது அதற்கு மேல் உள்ள கிரியேச்சரைத் தடுக்க முடியாத கார்டு. தனியே எடுத்துப் பார்த்தால் யாரும் விரும்பிச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் முதல் டர்னில் ஒரு மனா, இரண்டாம் டர்னில் இரண்டு மனா என்று எந்த டர்னிலும் மனா வீணாகாதபடி விலைகளை அடுக்கியிருந்ததில்தான் அந்த டெக்கின் வலிமை இருந்தது. மனா கர்வ் என்று இன்று புதியவர்களுக்கும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் கருத்து பரவியதில் அந்த டெக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வகை டெக்குகளுக்கு ஸ்லை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அண்மைக் காலத்திலிருந்து ஒன்று சொல்வதானால், மாடர்ன் வடிவத்தில் லாண்டர்ன் கன்ட்ரோல். விளக்கு என்ற பெயருள்ள ஒரு கார்டால் எதிராளியின் அடுத்த கார்டைப் பார்த்து, அது ஆபத்தானதென்றால் கோடெக்ஸ் ஷ்ரெட்டர் போன்ற மலிவான கருவிகளால் அதைக் கிரேவ்யார்டில் தள்ளிவிடும் டெக் அது. அதிலுள்ள பெரும்பாலான கார்டுகளைத் தனித்தனியே யாரும் சீண்ட மாட்டார்கள். 2015இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த கிராண்ட் ப்ரீ என்ற பெரிய போட்டியை அதைக் கொண்டு ஸாக் எல்சிக் வென்றார். 2018 பிப்ரவரியில் பில்பாவோவில் நடந்த ப்ரோ டூரையே லூயிஸ் சால்வாட்டோ அதனால் வென்றார். இடையிலிருந்த ஆண்டுகளில் அந்த டெக்கை ஒவ்வோர் இடமாகத் திருத்திக்கொண்டே இருந்தவர்களின் பொறுமையை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே பட்டியலைத் தொடுங்கள். ஆனால் தொடுவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு கார்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். நீங்கள் எடுத்த இரண்டு சர்ப்பென்ட்டுகள் ஏன் அங்கே இருந்தன?

செம்மலை:

நான் சிவப்பு டெக் ஆடுபவன். உங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆங்க்ளர் நல்ல கார்டா என்று எல்லாரும் பேசுகிறோம். யாருக்கு எதிராக என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் நண்பருடன் ஆடிய பத்து ஆட்டங்களும் சைட்போர்டு இல்லாதவை. மூன்று ஆட்டங்கள் கொண்ட ஒரு சுற்றில் முதல் ஆட்டம் மட்டும்தான் அப்படிப்பட்டது. மீதி எல்லாம் சைட்போர்டுக்குப் பிறகு வருபவை. இரண்டாம் ஆட்டத்தில் நான் பைரோபிளாஸ்ட்டுகளைக் கொண்டுவருவேன். ஒரே ஒரு சிவப்பு மனாவுக்கு, நீல ஸ்பெல்லை அது தடுக்கும்; மேசையிலுள்ள நீலக் கார்டை அழிக்கும். உங்கள் சர்ப்பென்ட் நீலம், எனவே எனக்கு ஒரு மனாவில் வேலை முடிந்தது. டெரரும் நீலம்தான், மேசைக்கு வந்துவிட்டால் வார்டு என்ற பாதுகாப்பு இருப்பதால் எனக்கு இரண்டு மனா கூடுதலாகச் செலவாகும், ஆனால் அது இறங்கும்போதே தடுத்துவிட்டால் வார்டு உதவாது. ஆங்க்ளரோ கறுப்பு. அதன் முன்னால் என் பைரோபிளாஸ்ட் வெறும் காகிதம். என் லைட்னிங் போல்ட்டின் 3 சேதமும் அதற்குப் போதாது. உங்களைப் போன்றே நீலக் கறுப்பு டெரர் ஆடுபவரைச் சந்தித்தாலும் இதே கதைதான்: ஸ்னஃப் அவுட் கறுப்பல்லாத கிரியேச்சரை மட்டுமே அழிக்கும், ஆகவே அவருடைய ஸ்னஃப் அவுட்டும் ஆங்க்ளரைத் தொடாது. ஆனால் ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டஸ் போன்று கிரேவ்யார்டையே துடைத்துவிடும் கார்டை எதிராளி கொண்டுவந்தால், டெரர், சர்ப்பென்ட், ஆங்க்ளர் எல்லாம் ஒன்றாகக் கையில் உறங்க வேண்டியதுதான்.

ஆங்க்ளரின் மதிப்பு அதன் நிறத்தில் இருக்கிறது. அந்த மதிப்பு வெளிப்படும் ஆட்டங்களை நீங்கள் சோதிக்கவே இல்லை. அடுத்த முறை சைட்போர்டுடன் தொடங்கி ஆடுங்கள். முடிந்தால் பாதி ஆட்டங்களில் நாற்காலியை மாற்றி, உங்கள் நண்பரிடம் உங்கள் டெக்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் சிவப்பை ஆடுங்கள். எதிரிலிருந்து பார்க்கும்போது எந்தக் கார்டு இறங்கினால் வயிற்றைக் கலக்குகிறது என்பது நன்றாகத் தெரிந்துவிடும்.

நீலக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல் மூன்று வாரங்கள் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் கணக்குப்பிள்ளை ஐயாவின் கேள்விக்குப் பதில்: நான் எடுத்தது ஸ்வாம்ப். நீங்கள் கேட்ட பிறகுதான் அதன் பொருள் எனக்கே உறைத்தது. ஸ்னஃப் அவுட்டை மனா இல்லாமல், 4 உயிர்ப்புள்ளிகளைக் கொடுத்து ஆட வேண்டுமானால் மேசையில் ஒரு ஸ்வாம்ப் இருக்க வேண்டும். ஆங்க்ளருக்கும் ஒரு கறுப்பு மனா கட்டாயம். கறுப்பு தேவைப்படும் மூன்று கார்டுகளைச் சேர்த்த அதே நாளில் கறுப்பு தரும் ஒரு லேண்டை எடுத்திருக்கிறேன். லோரியன் ரிவீல்டும் ஐலண்டைத்தான் தேடித் தரும் என்பதால் அந்தக் குறையை நிரப்பவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நியாயமான மாற்றங்களாகவே தோன்றின.

ஸ்வாம்ப்பைத் திரும்ப வைத்து, மூன்றாவது ஸ்னஃப் அவுட்டை எடுத்துவிட்டு, ஆங்க்ளர் மாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு 30 ஆட்டங்கள் ஆடினேன். 20 ஆட்டங்கள் சைட்போர்டுடன். உறையில் காகிதத் துண்டு செருகும் முறையைப் பின்பற்றினேன். ஆங்க்ளர் கைக்கு வந்தது 13 ஆட்டங்களில். சைட்போர்டு இல்லாத ஆட்டங்களில் ஐந்து முறை வந்து, நான்கு முறை சர்ப்பென்ட்டே மேல் என்று குறித்திருக்கிறேன். சைட்போர்டுக்குப் பின் எட்டு முறை வந்து, ஆறு முறை ஆங்க்ளரே மேல். அந்த ஆறில் இரண்டு முறை, நண்பர் கையில் பைரோபிளாஸ்ட்டை வைத்துக்கொண்டு ஆங்க்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை ஆட்டம் முடிந்தபின் காட்டினார். நாற்காலி மாறி ஆடியபோது நானும் அதே நிலையில் உட்கார்ந்தேன்.

பழஞ்சாலை ஐயா, சர்ப்பென்ட்டுகள் ஏன் இருந்தன என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. அவை டெரருடன் ஒரே திசையில் உழைக்கின்றன. கிரேவ்யார்டு நிரம்ப நிரம்ப இரண்டும் மலிவாகின்றன. எதிராளி நீலத்துக்கெதிரான கார்டுகளைக் கொண்டுவராத முதல் ஆட்டத்தில் அதுதான் வேண்டும். ஆகவே இரண்டு சர்ப்பென்ட்டுகளையும் மீண்டும் டெக்கில் வைத்து, ஆங்க்ளர் இரண்டையும் சைட்போர்டுக்கு நகர்த்தலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

கணக்குப்பிள்ளை:

நகர்த்திப் பாருங்கள். ஆனால் 30 ஆட்டங்களைச் சோதித்ததாக எண்ண வேண்டாம். ஆங்க்ளர் வந்த 13 ஆட்டங்கள்தான் உங்கள் சோதனை, அதிலும் சைட்போர்டுக்குப் பிந்தையவை எட்டுதான். எட்டில் ஆறு என்பது தற்செயலாகவும் வரக்கூடிய எண். இந்த முடிவை நான் நம்புவது, பைரோபிளாஸ்ட்டின் நிறக் கட்டுப்பாடு என்ற தெளிவான காரணம் அதற்குப் பின்னால் இருப்பதால்தான். காரணம் இல்லாமல் எண் மட்டும் இருந்திருந்தால் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

ஒரு வேலை மீதமிருக்கிறது. சைட்போர்டில் 15 இடங்கள்தான். ஆங்க்ளர்களுக்காக அங்கிருந்து எந்த இரண்டை எடுக்கப்போகிறீர்கள், அவை எந்த டெக்குக்காக இருந்தன என்று எழுதுங்கள். முழு சைட்போர்டையும் இங்கே பதிவிட்டால் அதிலிருந்து தொடரலாம்.